நகைச்சுவை நடிகரின் தன்வரலாறு வரலாற்றுச் சான்றாகுமா? – ‘நான் நாகேஷ்’ நூலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நாடக, திரைப்பட வரலாற்றை எழுதுவோர் கலைஞர்களின் தன்வரலாறுகளைத் தொடர்ந்து சான்றாகக் காட்டுகின்றனர். எனினும், நகைச்சுவை நடிகர்கள் சொன்னவை சுவையான துணுக்குகளாக எடுத்தாளப்படும் அளவுக்கு ஆவணங்களாக ஆராயப்படவில்லை. நாகேஷ் சொல்ல, எஸ். சந்திரமௌலி எழுதிக் ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்து பின்னர் நூலாகிய ‘நான் நாகேஷ்’ என்னும் தன்வரலாற்றை இக்கட்டுரை அவ்வகையில் வாசிக்கிறது. பாய்ஸ் கம்பெனி மரபிலிருந்து அலுவலர் நாடக மரபுக்கு நிகழ்ந்த மாற்றம், நோயுற்ற உடல் நகைப்பாக மாறிய விதம், சான்றளவில் வேடிக்கைச் செய்திகளின் மதிப்பு ஆகியன ஆராயப்படுகின்றன. எழுத்தில் இடம்பெறாத வடார்க்காட்டுக் கூத்தின் கட்டியக்காரன் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகிறான்.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, நாகேஷ், சபா நாடகம், பாய்ஸ் கம்பெனி, கட்டியக்காரன், தெருக்கூத்து, தேசூர்.

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்திலுள்ள தேசூர், ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு பேரூர். 1989ஆம் ஆண்டு மாவட்டம் பிரிக்கப்படும்வரை வடார்க்காடு எனப்பட்ட இந்நிலப்பகுதி, திரௌபதியம்மன் கோயில் பாரத விழாக்களுக்கும் இரவு முழுவதும் நிகழும் தெருக்கூத்துக்கும் பெயர்பெற்றது. இக்கூத்தில் அரசன் வேடத்துக்கு முன்பே களரியில் தோன்றுபவன் கட்டியக்காரன். திரைக்குப் பின் நிற்கும் வேடத்தை யாரென வினவி அவைக்கு அறிவிப்பவனும், தூதன், ஏவலன் முதலிய சிறு வேடங்களைத் தாங்குபவனும், துரியோதனன் சபையில் நின்றவாறே அவ்வாண்டு மழை பொய்த்ததையும் நூல் விலை ஏறியதையும் பேசுபவனும் அவனே. அரங்கில் மிகுதியாகப் பேசும் இவன் ஏட்டில் மிகக் குறைவாகவே இடம்பெறுகிறான். அச்சான கூத்து நூல்களில் தருக்களும் விருத்தங்களும் வேடக்காரர்களுக்கு உரியவை. கட்டியக்காரனின் பேச்சோ அன்றன்று தோன்றி அன்றே மறைவது.

ஆகவே, தமிழில் நகைப்பைத் தொழிலாகக் கொண்டவர்களின் வாழ்வை அவர்கள் வாய்ச்சொல்லாலேயே அறிய முற்படும் ஆய்வாளர் திரைப்படத்தின் பக்கம் திரும்ப வேண்டியுள்ளது. அங்குங்கூட நூல்கள் மிகுதியில்லை. வி.கே. ராமசாமியின் ‘எனது கலைப்பயணம்’, சோவின் ‘அதிர்ஷ்டம் தந்த அனுபவங்கள்’, நாகேஷின் ‘நான் நாகேஷ்’ ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் மூன்றாவது நூலே இக்கட்டுரையின் மையம். வாசிப்போரைச் சிரிக்க வைப்பதிலும், எதிர்பாராத ஓரிடத்தில் நெஞ்சைத் தைப்பதிலும் அது மற்ற இரண்டையும் விஞ்சி நிற்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட முதன்மையான காரணம், 1950களின் சென்னையில் உருவான ஒரு புதிய நாடக உலகை உள்ளிருந்து காட்டும் நூலாக அது அமைந்திருப்பது.

சொன்னவரும் எழுதியவரும்

தமிழில் புகழ்பெற்ற தன்வரலாறுகள் பலவும் இதழ்த் தொடர்களாகத் தொடங்கியவை. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்தது. அதற்கு முன்பே பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ ‘சுதேசமித்திர’னில் வெளியாகி ஆறு பாகங்களாக நூலுருப் பெற்றது. வாரந்தோறும் வாசகரை ஈர்த்து நிறுத்த வேண்டிய தேவை இவ்வடிவத்துக்கு உண்டு. ஒவ்வோர் இயலும் தனக்குள் நிறைவுற்ற ஒரு நிகழ்ச்சியாக அமைவதும், காலவரிசை தளர்வதும் இதன் விளைவுகள்.

சாமிநாதையரும் சம்பந்த முதலியாரும் தம் கையால் எழுதியோர். நாகேஷ் நூலில் சொன்னவர் ஒருவர், எழுத்தாக்கியவர் மற்றொருவர். இதனால் அதன் நம்பகத்தன்மை குறைகிறது எனச் சிலர் கருதக்கூடும். அக்கருத்து முழுவதும் ஏற்கத்தக்கதன்று. நாகேஷின் கலை எழுத்தைச் சார்ந்ததன்று; நேரத்தையும் குரலையும் உடலையும் சார்ந்தது. ஒருவர் எதிரே அமர்ந்து கேட்க, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதே அவருக்கு இயல்பான வடிவம். கேட்பவரைச் சிரிக்க வைக்கும் பொருட்டு நிகழ்ச்சிகளின் முனைகள் கூர்மையாக்கப்பட்டிருக்கும் என்பதை ஆய்வாளர் மனத்தில் கொண்டால் போதும். சார்லி சாப்ளின் தம் தன்வரலாற்றை 1964ஆம் ஆண்டு வெளியிட்டார். ‘சர்வர் சுந்தரம்’, ‘காதலிக்க நேரமில்லை’ ஆகிய படங்கள் வெளிவந்ததும் அவ்வாண்டே. இலண்டன் ஏழையர் விடுதியில் கழிந்த சிறுவயதை எழுதும் பகுதிகளில் சாப்ளின் நகைச்சுவையைப் பெரும்பாலும் ஒதுக்கிவைக்கிறார். நாகேஷோ துயரைச் சொல்லும்போதுதான் வேடிக்கையைக் கூட்டுகிறார். இவ்வேறுபாட்டைத் தனிமனித இயல்பு என்று மட்டும் கொள்வதற்கில்லை. எழுதுமுறைக்கும் சொல்முறைக்கும் இடையிலுள்ள வேறுபாடும் இதில் அடங்கியுள்ளது.

கம்பெனி வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு

நாகேஷின் இயற்பெயர் குண்டுராவ். 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பிறந்தவர், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பம், வளர்ந்தது தாராபுரம். சென்னை வந்து ரயில்வேயில் எழுத்தர் பணி பெற்றவர், ரயில்வே ஊழியர்கள் நடத்திய ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சிறு வேடம் ஏற்றார். தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். அச்சிறு வேடத்தையே தனித்துப் பாராட்டிப் பரிசளித்தார். நாகேஷைப் பற்றி எழுதுவோர் யாவரும் குறிப்பிடும் நிகழ்ச்சி இது. சிறு வேடக்காரர் பெருநடிகரால் கண்டெடுக்கப்பட்ட நல்வாய்ப்புக் கதையாகவே இது வழக்கமாகச் சொல்லப்படுகிறது. வரலாற்று நோக்கில் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஒரு ரயில்வே அலுவலகத்துக்கு நாடகம் ஏன் இருந்தது?

முந்தைய தலைமுறையின் நகைச்சுவை நடிகர்கள் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு 1918ஆம் ஆண்டு மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள், 1925ஆம் ஆண்டு தம் சொந்தக் குழுவைத் தொடங்கினர். என்.எஸ். கிருஷ்ணன் அக்குழுவில் உருவானவர். தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ (1972), வி.கே. ராமசாமியின் நூல் ஆகியவற்றை வாசிப்போர் அவ்வுலகின் அமைப்பை அறிவர். சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து கம்பெனி வீட்டில் உண்டு உறங்கினர். ஊர் ஊராகச் சென்று கொட்டகை போட்டனர். பாட்டும் வசனமும் வாத்தியாரிடம் பாடமாயின. வேடம் வயதைப் பொறுத்து அமையவில்லை. 1947ஆம் ஆண்டு ‘நாம் இருவர்’ படத்தில் முதியவராக நடித்தபோது வி.கே. ராமசாமிக்கு இருபத்தொரு வயதே. அவருக்கு நாடகமே குடும்பம், பள்ளி, பிழைப்பு.

நாகேஷின் உலகில் பிழைப்பு வேறு, நாடகம் வேறு. மாதச் சம்பளம் அலுவலகத்தில் கிடைத்தது. மாலை ஐந்து மணிக்குப் பின் ஒத்திகை. விடுமுறை நாளில் அரங்கேற்றம். தொழில்முறை சாராத கற்றோர் நாடகத்துக்கு 1891ஆம் ஆண்டு சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபை முன்னோடி. ஆயினும் அச்சபையின் உறுப்பினர்கள் வழக்கறிஞர்களும் உயர் அலுவலர்களுமாவர். விடுதலைக்குப் பின் மேடையேறியவர்கள் எழுத்தர்கள். 1951ஆம் ஆண்டு மூன்று நிறுவனங்களை இணைத்துத் தென்னக ரயில்வே உருவானது. இத்தகைய பேரலுவலகங்கள் பல மாவட்டங்களிலிருந்தும் மொழிகளிலிருந்தும் வந்த இளைஞர்களைச் சென்னையின் வாடகை அறைகளில் குவித்தன. அவர்களுக்கான மனமகிழ் மன்றங்களில் நாடகம் தவறாது இடம்பெற்றது. கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றிய கே. பாலசந்தர், தொலைபேசித் துறையிலிருந்த சுந்தரராஜன், அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்த ஸ்ரீகாந்த் ஆகியோர் ராகினி ரிக்ரியேஷன்ஸ் நாடகங்களில் ஒன்றுகூடியதன் பின்னணி இதுவே. இராகத்தையும் தாளத்தையும் சார்ந்த கம்பெனி நகைச்சுவையின் இடத்தை, விரைந்த உரையாடலும் அலுவலக மேசையின் கிண்டலும் இம்மேடையில் கைப்பற்றின. பாடத் தெரியாதவரும் நகைச்சுவை நடிகராகலாம் என்னும் நிலை அதன்பின் ஏற்பட்டது. தமிழ் நகைச்சுவையின் வரலாற்றில் இது சிறிய மாற்றமன்று.

‘சர்வர் சுந்தரம்’ இம்மாற்றத்தின் நேரடி விளைவு. பாலசந்தரின் மேடை நாடகத்தை ஏவி.எம். நிறுவனத்துக்காகக் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினர். ஓட்டல் பரிமாறுபவன் நட்சத்திர நடிகனாகிறான். தாய் இறக்கும் வேளையில் அருகில் இருக்க இயலாமல் படப்பிடிப்பில் சிக்கிக்கொள்கிறான். கதாநாயகனுக்கும் நாயகிக்கும் இடையே துணுக்குகளாகச் செருகப்பட்டுவந்த நகைச்சுவைப் பகுதி இப்படத்தில் மையத்துக்கு வந்தது. தன்வரலாற்றை வாசிக்கும்போது நடிகரின் வாழ்வும் சுந்தரத்தின் வாழ்வும் ஒன்றோடொன்று கலந்து தோன்றுவதைத் தவிர்க்க இயலாது. படம் வாழ்வைப் பின்பற்றியதா, பல ஆண்டுகள் கழித்துச் சொல்லப்பட்ட வாழ்வு படத்தின் வடிவை ஏற்றதா என்பது எளிதில் விடை காண முடியாத வினா. நினைவுநூல்களை ஆராய்வோர் இவ்வினாவைக் கேளாமல் கடந்துசெல்வது வழக்கமாகிவிட்டது.

நோயாளி வேடங்கள்

நாகேஷின் முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்தன. இளமையில் நேர்ந்த அந்நோய் தம் தோற்றத்தையும் தன்னம்பிக்கையையும் மாற்றியமைத்ததை அவர் மறைக்கவில்லை. பெரியம்மை இந்தியாவில் ஒழிக்கப்பட்டது 1975ஆம் ஆண்டு. உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 1980ஆம் ஆண்டு. அதற்கு முன் பிறந்த தலைமுறையில் தழும்பு முகம் தெருவில் அரிய காட்சியன்று. ஆனால் வெள்ளித்திரையின் முன்வரிசையில் அது அரிதாக இருந்தது. திரையரங்கில் அமர்ந்திருந்தோர் பலரின் முகம் திரைக்கு வந்தது நாகேஷின் வாயிலாகவே எனில் மிகையாகாது.

அவருடைய வேடங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பின் ஒரு செய்தி புலப்படும். முதற்பாராட்டுப் பெற்றது வயிற்றுவலிக்காரர் வேடம். ‘டாக்டர் நிர்மலா’ நாடகத்தில் ‘தை தை’ எனத் துள்ளிவரும் நோயாளியாக நடித்தமையால் ‘தை நாகேஷ்’ எனப்பட்டார். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தில் மருத்துவமனைப் பணியாளர். பாலசந்தர் முதன்முதல் இயக்கிய ‘நீர்க்குமிழி’யில் (1965) புற்றுநோயாளி சேது, தன் முடிவை அறியாது பிறரைச் சிரிக்க வைப்பவன். பிற்காலத்தில் ‘மகளிர் மட்டும்’ (1994) படத்தில் பிணமாகவே நடித்தார். இவற்றை ஒரு திட்டத்தின் விளைவாகக் காண்பது பிழை. வேடங்கள் தற்செயலாகவும் வாய்க்கின்றன. எனினும் மெலிந்து வளைந்து, எப்போது வேண்டுமானாலும் சரிந்துவிடும் எனத் தோன்றும் அவ்வுடலை இயக்குநர்கள் மருத்துவமனைக் கட்டிலுக்கு மீண்டும் மீண்டும் அனுப்பினர் என்பது படங்களைப் பார்த்தே உறுதிசெய்யத்தக்கது. ‘நம்மவர்’ (1994) படத்தில் மகளை இழந்த தந்தையாக நடித்துத் துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றபோது அவ்வுடலில் துள்ளல் எஞ்சியிருக்கவில்லை. விருது துயர வேடத்துக்குத்தான் வந்தது. நகைச்சுவைக்கு அத்தகைய ஏற்பு நாற்பது ஆண்டுகளில் கிட்டவில்லை.

ஓர் அறை, இரு நினைவுகள்

தன்வரலாற்றுச் செய்தியைச் சரிபார்க்க மற்றொருவரின் நினைவைத் துணைக்கொள்வது ஆய்வாளர் அறிந்த நெறி. மாம்பலத்துக் கிளப் ஹவுஸ் விடுதி இதற்கு வாய்ப்பளிக்கிறது. நாகேஷும் கவிஞர் வாலியும் அங்கு ஒன்றாகத் தங்கியவர்கள். ஸ்ரீகாந்தும் அவ்வட்டத்தைச் சேர்ந்தவர். வாலியும் ‘நானும் இந்த நூற்றாண்டும்’ என்னும் தன்வரலாறு எழுதியிருப்பதால், அதே வறுமையைப் பாட்டெழுத வாய்ப்புத் தேடிய திருவரங்கத்து இளைஞரின் பார்வையிலும் காண முடிகிறது. அந்நாள்களில் நாகேஷ் தமக்கு உதவியதை வாலி நன்றியுடன் பலமுறை பதிவுசெய்துள்ளார். வாலியின் உரைநடையில் பசி எதுகையும் மோனையும் பெற்று நிமிர்கிறது. நாகேஷ் சொல்லில் அது ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாகச் சுருங்குகிறது. இருவர் கூற்றிலும் பொதுவாக எஞ்சுவது விடுதி, அறை, கடன், பகிர்ந்த உணவு என்பன. அலங்காரங்களை நீக்கிய பின் நிற்கும் இவற்றைச் சான்றாகக் கொள்வதில் தடையில்லை. சென்னை விடுதிகளின் சமூக வரலாறு எழுதப்படுமாயின் அதன் முதற்பக்கங்களுக்கு இவ்விரு நூல்களும் போதிய பொருள் தரும்.

தருமி

‘திருவிளையாடல்’ (1965) படத்தின் தருமி காட்சி பற்றி நாகேஷ் பெயரால் வழங்கும் செய்திகள் பல. ஒன்றரை நாள் கால்ஷீட்டில் அது படமாக்கப்பட்டது என்பது ஒன்று. மயிலாப்பூர்க் கோயிற் பகுதியில் தனக்குத்தானே பேசித் திரிந்த ஒருவரைப் பார்த்தே அப்புலம்பலை அமைத்தார் என்பது மற்றொன்று. தம்மை விஞ்சும் அக்காட்சியை வெட்ட வேண்டாமெனச் சிவாஜி கணேசனே சொன்னார் என்பது மூன்றாவது. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு மெருகேறிய இச்செய்திகளை ஆவணங்கொண்டு நிறுவ முற்படுவதில் பயன் குறைவு. மூன்றாவது செய்தி தொடர்ந்து சொல்லப்படுவதே ஒரு சான்று: நகைச்சுவை நடிகரின் காட்சி நிலைப்பதும் நீங்குவதும் நாயக நடிகரின் இசைவைப் பொறுத்திருந்தது என்பதைச் சொல்பவரும் கேட்பவரும் இயல்பாக ஏற்றிருந்தனர்.

அக்காட்சியில் இருப்போரைக் கவனித்தல் வேண்டும். இறைவனாக வரும் சிவாஜி கணேசன் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். படத்தை இயக்கி, நக்கீரராகவும் நடித்த ஏ.பி. நாகராஜனும் கம்பெனி மரபினர். அவர்களிடையே நிற்கும் நாகேஷ் ரயில்வே எழுத்தர். கம்பெனி மரபின் ஓங்கிய வசனத்தை எதிர்கொள்வது அலுவலர் மேடையின் தாழ்குரல் முணுமுணுப்பு. பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் தருமி மணம் முடிக்கப் பொருள் வேண்டும் எளிய ஆதிசைவ இளைஞன்; அவனிடம் நகைப்புக்கு இடமில்லை. திரையில் அவன் பரிசுத்தொகையின் கழிவைப் பற்றிக் கவலைப்படும் வறிய புலவன் ஆகிறான். புராணத்துக்குள் நின்று அன்றாடத்தைப் பேசும் இச்செயல் வேறெங்கோ கண்டதுபோல் தோன்றுவது இயல்பே. தேசூர்ப் பக்கத்துக் களரியில் துரியோதனன் முன் நின்று நூல் விலையைப் பேசும் கட்டியக்காரன் செய்வதும் இதுவே. நாகேஷ் கூத்திலிருந்து இதனைக் கற்றார் எனக் கூறச் சான்றில்லை. அவர் கூத்துச் சூழலில் வளர்ந்தவரும் அல்லர். பார்வையாளர்கள் அதனை ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டதற்கு அவர்களிடம் முன்பே இருந்த பழக்கம் காரணமாகலாம். கோயில் விழாக்களின் ஒலிபெருக்கிகளில் ‘திருவிளையாடல்’ கதைவசனம் நெடுங்காலம் ஒலித்ததை நினைத்துப் பார்க்கலாம். கூத்து நிகழும் அதே கோயில் வெளிகளில் தருமியின் புலம்பலும் கேட்டது.

இதற்கு இணையாக இன்னொன்றும் கருதத்தக்கது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் நாடக நடிகை ஜில்ஜில் ரமாமணியாக வந்த மனோரமா, தாமே நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர். அப்படத்தில் வைத்தியாக நடித்தவர் நாகேஷ். கம்பெனி உலகம் திரையில் கேலிக்குரிய பழம்பொருளாகிவிட்ட காலம் அது. அக்கேலியை உள்ளிருந்து நடித்துக்காட்டியவரும் கம்பெனியில் வளர்ந்த பெண்ணே.

ஏட்டில் இல்லாதவன்

நாகேஷ் 2009ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் மறைந்தார். அதற்கு முன் ஓர் இதழாளர் எதிரே அமர்ந்து கேட்டமையால் நமக்கு ஒரு நூல் உள்ளது. கட்டியக்காரர்கள் எதிரே அவ்வாறு அமர்ந்தோர் மிகக் குறைவு. ந. முத்துசாமி புரிசை நடேசத் தம்பிரானின் கலையால் ஈர்க்கப்பட்டு எழுதியதும், 1977ஆம் ஆண்டு கூத்துப்பட்டறை தோன்றியதும் வடார்க்காட்டுக் கூத்தின்பால் அறிஞர் கவனத்தைத் திருப்பின. ரிச்சர்டு பிராஸ்கா போன்ற அயல்நாட்டு ஆய்வாளர்களும் அதன் சடங்குத் தன்மையை விரிவாக ஆராய்ந்தனர். அக்கவனத்தின் பெரும்பகுதி கட்டைவேடங்களின் ஆர்ப்பாட்டத்துக்கும் ஒப்பனைக்கும் அடவுக்கும் படுகளத்துக்கும் சென்றது. அது நியாயமே. ஆயினும் கிரீடமும் புயக்கட்டையும் இல்லாத ஒருவனின் பேச்சு எங்கிருந்து வருகிறது, யாரிடம் கற்கப்படுகிறது, எவ்வூரில் எது பேசப்படாது விடப்படுகிறது என்பன ஆராயப்பட வேண்டியவையாகவே உள்ளன.

திரை நடிகர் தம் வெற்றிகளை நினைவுகூரும்போது படச்சுருள் ஒப்புநோக்க உதவுகிறது. கட்டியக்காரர் பேச்சுக்கு ஒப்புநோக்க எதுவுமில்லை, ஒலிப்பதிவும் அரிது. அச்சான கூத்து நூலில் அவருக்குரியவை வருகை அறிவிப்பும் சில வினாக்களுமே. சித்திரையில் தொடங்கும் பாரத விழாப் பருவத்தில் இவ்வட்டாரத்துக் கோயில்கள் தோறும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பகலில் தறியிலோ வயலிலோ அவர்களைச் சந்திக்கலாம். நாகேஷின் நூலை வாசித்துவிட்டுச் செல்லும் ஆய்வாளர் அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எவ்வூரில் எந்தப் பகடி எடுபடவில்லை என்பது. எடுபட்டவற்றை அவர்களே சொல்வார்கள்.